குக்கருக்குள் இருந்த மஞ்சள் முடிச்சு

பெரிய குக்கரின் மூடி திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி. வெளியே மழை. எங்கள் தகரக் கூரையில் மழை இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழாது. குக்கருக்குள் இடம் வீணாகிறதே, டம்ளர்களைத் துணியில் சுற்றி உள்ளே அடுக்கலாம் என்றுதான் அதைக் கையில் எடுத்தேன்.

எடுத்தவுடனே தெரிந்துவிட்டது, அது நான் மூடிய குக்கர் இல்லை என்று. ரப்பர் கெட்டுவிடும் என்பதால் நான் எப்போதும் மூடியைக் கவிழ்த்துத்தான் வைப்பேன். இது அடுப்பில் ஏற்றுகிற மாதிரி இறுக்கிப் பூட்டியிருந்தது.

முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திருகினேன். திறந்தது. உள்ளே ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

கையால் தொடவில்லை. நான் அவ்வளவு பைத்தியம் இல்லை. அடுப்படிக்குப் போய் இடுக்கியை எடுத்து வந்து, அதன் நுனியால் தள்ளிப் பார்த்தேன். உள்ளே பொலபொலவென்று ஏதோ நகர்ந்தது. மண். முடிச்சின் இடுக்கில் காய்ந்த செவ்வந்தி இதழ் நீட்டிக்கொண்டிருந்தது. துணியெல்லாம் திருநீறும் குங்குமமும்.

வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கடலைத் தாண்டப் போகிற குடும்பத்தின் குக்கருக்குள் யாரோ மண்ணை முடிந்து வைத்திருக்கிறார்கள் என்றால், எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதற்கு ஒரே அர்த்தம்தான். செய்வினை.

யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தக் குக்கர் பக்கத்து வீட்டுச் செல்வியக்கா வீட்டிலிருந்து அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்தது.

கடல் மட்டும் வந்தது

ஈப்போவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தீவுக்குக் குடிபோவது எவ்வளவு சந்தோஷமான விஷயம், நீங்கள் ஏன் ஒவ்வொரு வாரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எழுதுகிறீர்கள் என்று கேட்கிறார். அம்மா, நீங்கள் என் வீட்டுக்காரரோடு குடித்தனம் பண்ணவில்லை. அதனால் இப்படிக் கேட்கிறீர்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரர் குணசேகரன், தோட்டத்துத் தூள் பேக்டரியில் ஃபிட்டர். நான் அதே பேக்டரியில் பேக்கிங். மகள் ஷாலினிக்குப் பதினாலு வயது, அப்போது இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள்.

இவருடைய பழைய கூட்டாளி ஒருவர் மூலமாகக் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் தீவில் வேலை வந்தது. ரிசார்ட்டில் ஜெனரேட்டரும் தண்ணீர்ப் பம்பும் பார்க்க வேண்டும். எனக்கு அங்கேயே துணி வெளுக்கிற பிரிவில் வேலை. தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம், அவ்வளவுதான் ஊர்.

"ஒரு வருஷம் போய்ப் பாப்போம் தனம். ஒத்து வரலன்னா திரும்பி வந்துரலாம்லா" என்றார் இவர்.

"வீடு?"

"மேனேஜர்கிட்டப் பேசிட்டேன். பூட்டிப் போட்டு வச்சிருப்பாங்க."

இங்கேதான் எனக்கு மூக்கு வியர்த்தது. எங்கள் தோட்டத்தில் வீடு என்பது வேலைக்குக் கொடுப்பது. வேலை இருக்கிறவரைக்கும் வீடு இருக்கும், வேலையை விட்டால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். யாருக்காகவும் எந்த வீட்டையும் பூட்டி வைத்து நான் பார்த்ததில்லை. இவருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

முதலில் இவர் மட்டும் போய்த் தீவைப் பார்த்துவிட்டு வந்தார். லயத்துக்கே கருவாடு வாங்கி வந்தார். போனில் படங்களைக் காட்டினார். காலையில் கடல், மத்தியானம் கடல், சாயங்காலம் கடல்.

"நாம இருக்கப் போற வீட்டைக் காட்டுங்க."

"இந்தா பாரு, தண்ணி எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்குன்னு."

"நான் வீட்டைக் கேட்டேன்."

"அங்க ஆமைல்லாம் வருதாம் தனம்."

ஆமைக்கு வீடு முதுகிலேயே இருக்கிறது, எனக்கு எங்கே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிரித்துச் சமாளிக்கிற ஆம்பளையை நான் நம்புவதே இல்லை.

சின்னம்மாவின் பை

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பிறவிக் குணம் ஒன்றும் இல்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் எனக்கு ஒரு சின்னம்மா இருக்கிறார். கோஸ் தோட்டத்தில் வேலை. சில வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் சேறு வந்து வீடுகளை மூடியபோது அவர் கட்டியிருந்த கைலியோடு மேட்டுக்கு ஓடி வந்தவர். நாங்கள் பார்க்கப் போனபோது, சேறு வடிந்த வீட்டுக்குள் அவருடைய தையல் மிஷினைத் தேடிக்கொண்டிருந்தார். மிஷின் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுச் சமையலறையில் இருந்தது.

அன்றிலிருந்து சின்னம்மா வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு பை மாட்டிவைத்திருக்கிறார். உள்ளே அடையாள அட்டை நகல், மாற்றுத் துணி, மாத்திரை, ஒரு டார்ச்லைட். மழை கொஞ்சம் பலத்துப் பெய்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் தோசை சுடுவார்.

தீவுக்குப் போகிறோம் என்று சொன்னதும் சின்னம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அங்க தண்ணி வந்தா ஏறி நிக்க மேடு இருக்கா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். "மலையிலயே சேறு வந்து அமுக்குது. கடல்ல மட்டும் என்ன பயம் சின்னம்மா?" என்றார். அது பதில் இல்லை என்று சின்னம்மாவுக்கும் தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்து, "நீ ஒரு பை வாங்கிக்க" என்றார்.

செல்வியக்கா வாசலிலேயே நின்றாள்

செல்வியக்கா கொழுந்து வெட்டுகிற கேங்கில் இருந்தாள். எங்கள் வீட்டுச் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அவள் வீட்டில் கடுகு வெடித்தால் என் மகளுக்குத் தும்மல் வரும். தினமும் ஒரு தடவையாவது உள்ளே வந்து, நாற்காலி இருந்தாலும் தரையில்தான் உட்காருவாள். கருவேப்பிலை கேட்டு வருவாள், கேட்டதை மறந்துவிட்டுக் கதை பேசிவிட்டுப் போவாள்.

நாங்கள் போகப் போகிறோம் என்று தெரிந்த கொஞ்ச நாளில் அவள் மாறினாள். வாசலோடு நிற்க ஆரம்பித்தாள்.

"உள்ள வாங்கக்கா."

"இல்ல தனம், அடுப்புல வச்சிட்டு வந்தேன்."

எத்தனை நாள்தான் ஒருத்தி அடுப்பில் வைத்துவிட்டு வருவாள்? சரி, நாம் போகிற வருத்தம் போல என்று விட்டேன். பிறகு ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது, எங்கள் வீட்டு முன் ஜன்னலுக்கு எதிரே நின்று கையை விரித்துச் சாண் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விரித்த கையால் தலையைச் சொறிந்துகொண்டாள். அவளுடைய மகன் பிரகாஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பின்னால் குனிந்து குழாயைத் தட்டிப் பார்த்தான். கேட்டால் எலி ஓடியது என்றான்.

பிரகாஷுக்குக் கல்யாணம் பேசி நிச்சயமும் ஆகியிருந்தது. அந்த நிச்சயத்துச் சாப்பாட்டுக்குத்தான் என் பெரிய குக்கர் அவள் வீட்டுக்குப் போனது. கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தனையும் என் மனதில் வரிசையாக இருந்தது. குக்கரைத் திறந்து மஞ்சள் முடிச்சைப் பார்த்ததும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. நாங்கள் திரும்பி வரக் கூடாது. அதற்கு மண் மந்திரித்து வைத்திருக்கிறாள். எங்கள் வீடு அவளுக்கு வேண்டும்.

இடுக்கியோடு புறப்பட்டேன்

முடிச்சை இடுக்கியால் தூக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். இடுக்கியையும் அதிலேயே போட்டேன், இனிமேல் அதை அடுப்படியில் வைக்க முடியுமா? இந்த மாதிரிப் பொருளை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பார்கள். பேக்டரிக்குக் கீழே ஓடை இருக்கிறது. அங்கே போகலாம் என்று குடையை விரித்தேன்.

வாசலில் செல்வியக்கா துணியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். கண்டும் காணாமல் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"குக்கர்ல என்னக்கா வச்சு அனுப்புனீங்க?"

"குக்கர்லயா? ஒண்ணும் வைக்கலியே. சும்மா கழுவித்தான் குடுத்தேன்."

பையைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தவளுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சண்டைக்கு வருவாள் என்று நான் நினைத்ததற்கு மாறாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னைக் கேக்காத தனம். குணாவைக் கேளு" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் குக்கரில் இருக்கிற முடிச்சைப் பற்றி என் புருஷனைக் கேட்கச் சொல்ல இவள் யார்? அந்தக் கொஞ்ச தூரத்தில் என் மூளை எங்கெல்லாம் போய்வந்தது என்று இங்கே எழுத முடியாது. இந்தப் பத்திரிகையைக் குழந்தைகளும் படிக்கிறார்கள்.

ஓடைக்குப் போகிற வழியில்தான் முனீஸ்வரர் கோவில். பூசாரி முருகையா அண்ணன் மற்ற நாட்களில் தேயிலைக்கு மருந்து அடிக்கிற வேலை பார்ப்பவர். அன்றைக்கு மழையால் வேலை நின்றுபோய், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கோவில் தகரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றிருந்தார். என்னவென்று தெரியாமல் எதையும் தூக்கி எறியக் கூடாது, அதுவும் என் குணம். அவரிடம் காட்டிவிட்டு எறியலாம் என்று பையை நீட்டினேன்.

"அண்ணே, இது என்ன வினைன்னு பாருங்க. தொடாதீங்க, இடுக்கி உள்ள இருக்கு."

அவர் உள்ளே பார்த்தார். சட்டென்று வெறுங்கையை விட்டு முடிச்சை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இடுக்கியோடயாம்மா தூக்கிட்டு வந்த? வழியில எங்கயும் தரையில வைக்கலல்ல?"

"இல்ல. ஏன்?"

"இது வினை இல்லம்மா. நம்ம சாமி மண்ணு. பிடிமண்ணு. நான்தான் பூசை போட்டு, என் கையால முடிஞ்சு குணாவுக்குக் குடுத்தேன். தரையில படக்கூடாது, ஈரம் படக்கூடாதுன்னு சொன்னேன். அதான் குக்கர்ல பூட்டி வச்சிருக்காரு போல. கெட்டிக்காரர்தான்."

பிடிமண் யார் கேட்பார்கள்

தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபோன குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்கள் யாரும் பிடிமண் எடுத்ததில்லை. எதற்கு? வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குக் காரில் வந்து இறங்குவார்கள், சாமி இங்கேயே இருக்கிறது. பிடிமண் எடுப்பது சாமியையே கூட அழைத்துக்கொண்டு போவது. போகிற இடத்தில் ஒரு பிடி மண்ணாக அதை இறக்கி, அங்கேயே சாமியை உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் முனீஸ்வரரே அப்படித்தான் கப்பலில் வந்தவர் என்று சொல்வார்கள். அவரை மடியில் வைத்துக்கொண்டு வந்த கூட்டத்தில் ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை.

"திரும்ப வர்றவங்களுக்கு நான் குடுக்க மாட்டேன் தனம்" என்றார் முருகையா அண்ணன். "குணாகிட்ட நல்லாக் கேட்டேன். இல்லண்ணே, இனிமே அங்கதான்னாரு. அதுக்கப்புறம்தான் குடுத்தேன். ஏன், ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? என் புருஷன் என்னிடம் ஒன்றும் பூசாரியிடம் ஒன்றும் சொல்லியிருக்கிறார் என்று கோவில் வாசலில் நின்று சொல்ல முடியுமா? முடிச்சை வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டு வந்தேன். இடுக்கியை அங்கேயே மறந்துவிட்டேன்.

சுவர்க் கடிகாரம்

முடிச்சை சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆறு மணி வாக்கில் இவர் வந்தார். தூள் வாசத்தோடு உள்ளே வந்து காலைத் துடைத்தவர், நிமிர்ந்ததும் முடிச்சைப் பார்த்துவிட்டார். துடைத்த காலையே மறுபடியும் துடைத்தார்.

"ஒரு வருஷம் போயிட்டு வர்ற ஆளுக்கு பிடிமண் எதுக்குங்க?"

மென்று முழுங்கினார். நான் விடவில்லை.

"வீடு பூட்டி இருக்கும்னீங்களே. யாருக்குப் பூட்டி இருக்கும்?"

"பிரகாஷுக்குக் குடுக்கச் சொல்லி மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன். கல்யாணம் ஆகப் போற பையன். இங்கயே வேலை செய்யறான். எப்படியும் யாருக்காவது போகப் போற வீடுதான் தனம்."

"எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ வர மாட்ட."

"வர மாட்டேன்னு தெரிஞ்சா, பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போவீங்களா?"

அவர் தரையில் உட்கார்ந்தார். "எங்கப்பாவுக்கு வேலை வயசு முடிஞ்சப்ப என்ன குடுத்தாங்கன்னு ஒனக்குத் தெரியும்ல? மாலை போட்டாங்க. ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. அப்புறம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. அந்தக் கடிகாரத்தை மாட்ட அவருக்குச் சுவர் இல்ல தனம். என்னையும் அப்படிச் சொல்றதுக்குள்ள நானே போயிரணும்னு இருந்தேன். இந்த வீடு என்னைக்கு நம்ம வீடா இருந்துச்சு?"

"நம்ம வீடு இல்லாமப் போகட்டும். நான் குடியிருந்த வீடுதானே? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அன்றைக்கு நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். ரசத்தில் உப்புப் போட நான் மறந்திருந்தேன். இருவரும் அதையே ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

துரை சொன்னது

மறுநாள் நானே ஆபீசுக்குப் போனேன். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. கோலாலம்பூரில் படித்த நம் பிள்ளைதான், என்னைவிடச் சின்னவர். இருந்தாலும் லயத்தில் மேனேஜருக்கு இன்னும் துரை என்றுதான் பெயர்.

"எங்க வீட்டை யாருக்குக் குடுக்கப் போறீங்க தொரை?"

"பிரகாஷுக்குன்னு குணா அண்ணன் சொன்னாரு. இன்னும் எழுதலக்கா. ஏன், ஏதும் மாத்தமா?"

"அவரு வேலையை விட்டா வீடு போயிருமா? நான் இருந்தா?"

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்களும் பெர்மனென்ட்தானேக்கா. நீங்க வேலையை விடலன்னா உங்க பேர்லயே வீடு எழுதலாம். யாரும் கேக்கலையே."

இத்தனை வருஷமாக அந்தப் பேக்டரியில் பொட்டலம் ஒட்டியிருக்கிறேன். வீடு என் பெயரிலும் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லயத்தில் வீடு என்றால் ஆம்பளை பெயர் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

"சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்கக்கா. இருக்கறீங்கன்னா உங்க ராஜினாமாவைக் கிழிச்சுப் போட்டுரலாம்" என்றார்.

வெளியே வந்தேன். வெயில் அடித்தது. ரோட்டோரத்தில் காரை நிறுத்திவிட்டு வந்திருந்த ஒரு குடும்பம் தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு படம் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். படத்தில் எல்லோர் முகமும் கலங்கிப் போனது. அவர்கள் மரியாதைக்கு நல்லா இருக்கு என்றார்கள்.

வீட்டை என் பெயருக்கு வாங்கிக்கொண்டு, புருஷனைத் தீவுக்கு அனுப்பிவிட்டு, மகளோடு இங்கேயே இருந்துவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொன்னவருக்கு அது சரியான தண்டனையாகவும் இருந்திருக்கும். அவர் அங்கே தனியாகச் சோறு வடிப்பதை நினைத்துப் பார்த்தேன். மனதுக்கு இதமாக இருந்தது.

நேராகச் செல்வியக்கா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை நான் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் கேக்கல தனம்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "அவராத்தான் வந்து சொன்னாரு. ஒனக்குத் தெரிஞ்சுதான் சொல்றாருன்னு நெனச்சேன். அப்புறம் நீ போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் ஒரு வருஷம்தான்னு சொல்லிட்டிருந்தப்பதான் எனக்கு விஷயமே புரிஞ்சுச்சு."

"அப்பயாவது சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொன்னா நீ போக மாட்ட. நீ போகலன்னா எம்புள்ளைக்கு வீடு இல்ல."

அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த மாதத்தில் என்னிடம் ஒருவர் நேராகச் சொன்ன முதல் உண்மை அதுதான். சுற்றிலும் பார்த்தேன். அந்த வீட்டில் மூட்டைகளுக்கு நடுவில்தான் ஆட்கள் படுக்க வேண்டும். வரப்போகிற பெண் எங்கே படுப்பாள் என்று தெரியவில்லை.

எனக்கு வீடு போகிறதே என்பது பாதி எரிச்சல்தான். என்னைக் கேட்கவில்லையே என்பதுதான் நெஞ்சில் நின்றது. வீட்டை வைத்துக்கொண்டாலும் அது ஆறாது. அதோடு, இவர் சொன்ன காரணம் பொய் இல்லை. வயது முடிந்தால் எனக்கும் ஒரு மாலையும் ஒரு கடிகாரமும்தான். அவர் சொன்னது சரி என்று அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சாயங்காலம் துரைக்குப் போன் பண்ணினேன். "பிரகாஷ் பேர்லயே எழுதிக்கங்க. ஆனா அவரு சொன்னாருன்னு எழுதாதீங்க. நான் சொன்னேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சரிக்கா என்றார்.

கோஸ் வாசம்

திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றுகிற லோரி ஒன்றைப் பிடித்திருந்தோம். லோரி முழுக்க கோஸ் வாசம். எங்கள் மெத்தையில் அந்த வாசம் இன்றைக்கும் லேசாக இருக்கிறது. இவர் பின்னால் சாமான்களோடு ஏறிக்கொண்டார். நானும் ஷாலினியும் டிரைவர் பக்கத்தில். முடிச்சு என் மடியில். யார்மேல் கோபம் இருந்தாலும் சாமிமேல் கோபம் இல்லை.

தானா ராத்தா தாண்டி ரோடு வளைந்து இறங்க ஆரம்பித்ததும் ஷாலினி மெதுவாகச் சொன்னாள். "அம்மா, எனக்கும் தெரியும்மா. அப்பா சொல்ல வேணாம்னாரு."

"என்ன தெரியும்?"

"திரும்பி வர மாட்டோம்னு."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். செல்வியக்காவுக்குத் தெரியும், அவள் மகனுக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும், துரைக்குத் தெரியும், பெற்ற மகளுக்கும் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாரையும் கவனித்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"வேற என்னடி தெரியும்?" என்றேன்.

"வேற ஒண்ணும் இல்லம்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

படகுத்துறை

படகில் நான் வாந்தி எடுத்ததை ஏற்கெனவே ஒரு வாரம் விவரமாக எழுதிவிட்டேன், மறுபடியும் வேண்டாம். தீவில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. டீசல் நாற்றம், மீன் நாற்றம். கால் பதிந்த இடமெல்லாம் மணல் உள்ளே போனது. மலையில் பிறந்து வளர்ந்த காலுக்கு அது தரையாகவே தெரியவில்லை.

ரிசார்ட்டிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா வந்து எங்களை அழைத்துப் போனார். அதட்டலான குரல், ஆனால் ஷாலினியின் பையை அவரே வாங்கித் தூக்கிக்கொண்டார். தென்னைகளுக்குப் பின்னால் வேலையாட்களுக்கான வீடுகள். பலகை வீடுகள், வரிசையாக, ஒரே தகரக் கூரை, ஒரே நீள வராந்தா.

நான் நின்று பார்த்தேன். "லயம்தானே இது?" என்றேன்.

இவர் கடலைப் பார்த்தார்.

"இது யார் வீடுங்க?"

"கம்பெனி வீடுதான்" என்றார், அந்தக் கடலிடமே சொல்வது போல. "ஆனா இங்க யாரும் வயசு பாக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இவ்வளவு பொய் சொல்லி, சாமியையும் தூக்கிக்கொண்டு, மலையை விட்டு இறங்கி, கடலையும் தாண்டி, இன்னொரு லயத்துக்கு வந்து நிற்கிறோம். அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரின் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. இதை இவர் முதல் தடவை வந்தபோதே பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு வந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

மலாய்க்கார அம்மா கடைசிக் கதவைத் திறந்துவிட்டுச் சாவியை நீட்டினார். இன்னொரு கையில் தடித்த பேனா. கதவில் ஒட்டியிருந்த அட்டையில் பழைய ஆளின் பெயரை அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே இடம் காலியாக இருந்தது.

"ரூமா இனி, நாமா சியாப்பா?" என்றார். இந்த வீட்டுக்கு யார் பெயர் என்று கேட்கிறார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் என் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுத்துக் கூட்டி தனலெட்சுமி என்று எழுதி, சாவியை என் கையில் போட்டார். இவர் திறந்த வாயை மூடிக்கொண்டு பெட்டிகளைத் தூக்கப் போனார்.